வைத்துப் பார்த்த மோதிரம்

எங்கள் வீட்டில் இட்லி என்றால் சட்னி இரண்டு விதம், மேடம். அப்பா அம்மாவுக்குத் தேங்காய்ச் சட்னி, எனக்குக் காரச் சட்னி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். தாளும் பேனாவும் கொடுத்தீர்கள், டீயும் வந்தது. போலீஸிடம் எழுதிக் கொடுப்பது கோர்ட்டில் நிற்காது என்று சட்டம் படிக்கும் நண்பன் ஒருவன் சொல்லியிருக்கிறான். பரவாயில்லை. மாஜிஸ்திரேட் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

என் பெயர் சூர்யா. சேலையூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம். வீடு முடிச்சூரில். எங்கள் தாத்தா நெல் போட்ட இடத்தில் இப்போது ஃபிளாட்டுகள் நிற்கின்றன. விற்காமல் மிச்சம் வைத்த மனையில் எங்கள் வீடு நிற்கிறது. பெரிய வெள்ளத்தில் டி.வி.வரைக்கும் தண்ணீர் ஏறியதால், அப்பா அதன்பிறகு தரையை நெஞ்சளவு உயர்த்திக் கட்டினார். அதனால் பின்பக்கம் இறங்கப் படிகள் உண்டு. படிகளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அப்பா பெயர் சக்திவேல். சிமெண்ட், கம்பிக் கடை வைத்திருந்தார். சர்க்கரை வியாதி வந்தபின் கடையை வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். அம்மா பெயர் அங்காளம்மாள். அக்கா தமிழினி எனக்கு மூத்தவள், குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள்.

அவள் வேலைக்குக் கிளம்பும் முன் வீட்டில் எல்லாம் ஆகியிருக்கும். சட்னி ஆகியிருக்கும், மதியச் சாப்பாடு ஆகியிருக்கும், என் சட்டை இஸ்திரி ஆகியிருக்கும், அம்மாவின் முட்டிக்குத் தைலம் தேய்த்தாகியிருக்கும். அப்பாவின் மாத்திரைகளைக் காலை, மதியம், ராத்திரி என்று அறை பிரித்த டப்பாவில் அவள்தான் போட்டு வைப்பாள். "சூர்யா, எழுந்திருடா" என்று அவள் சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் விடியும். வெளியே விடிவது தனி விஷயம்.

அக்கா அலுத்துக்கொண்டதே கிடையாது. ஒரே ஒருமுறை, ஜுரத்தோடு தோசை ஊற்றிக்கொண்டே, "நான் ஒருநாள் லீவு போட்டா இந்த வீடு என்னடா ஆகும்?" என்று கேட்டாள். அவள் அதைப் பெருமையாகச் சொன்னதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்குள் ஐசக் வந்தார். அக்கா வேலை செய்யும் இடத்தில் இயந்திரம் பழுதானால் சரிசெய்ய வருபவர். அஸ்தினாபுரத்துக்காரர், அவருடைய அம்மா பியூலா டீச்சர். நல்ல மனிதர், மேடம். இதை நான் பொறாமை இல்லாமல் எழுதுகிறேன். எங்கள் வீட்டு மிக்ஸி அவர் கைபட்ட பிறகு சத்தம் போடுவதையே விட்டுவிட்டது.

மதம் ஒரு பிரச்சினையாகும் என்று நான் மிகவும் நம்பியிருந்தேன். ஏமாற்றமாகிவிட்டது. "அவங்க சாமி அவங்க பக்கம் கீட்டும், நம்ம சாமி நம்ம பக்கம் கீட்டும். ரெண்டும் சண்ட போட்டா அப்பால பாத்துக்கலாம்" என்றார் அப்பா. அம்மா ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, சர்ச்சில் செருப்பைக் கழற்ற வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டாள். காலையில் சர்ச், மாலையில் தாம்பரத்தில் மண்டபம் என்று முடிவாயிற்று. எல்லாரும் இவ்வளவு முற்போக்காக இருந்தால் ஒரு தம்பி என்னதான் செய்வது.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வீட்டைவிட்டுப் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். இரண்டும் வேறு வேறு. ஐசக்கிடமே இதைப் பேசிப் பார்த்தேன். மாடியில் ஓர் அறை காலியாகத்தான் இருக்கிறது, நீங்கள் இங்கேயே வந்துவிடலாமே என்றேன். அவர் என் தோளில் கைபோட்டுச் சிரித்தார்.

"மச்சான், அஸ்தினாபுரம் என்ன அண்டார்டிகாவா? பைக்கை எடுத்தா அரை மணி நேரம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து நில்லு, பிரியாணி போடறோம்."

ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஓர் அக்காவை வைத்துக்கொண்டு மிச்ச நாட்களை என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் அவர் மோதிரம் வாங்கிக்கொண்டு வந்தார். அவர்கள் பக்கத்தில் மோதிரம்தான் முக்கியமாம். ஹாலில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினார். வெள்ளைத் தங்கம். நடுவில் மூலை மழுங்கிய சதுரமாக ஒரு மரகதம், அதைச் சுற்றிப் பொடிப்பொடியாக வைரங்கள். சாயங்காலத்தில் நீச்சல் குளத்தைச் சுற்றி விளக்குப் போட்டதுபோல் இருந்தது. அக்கா அதைப் பார்த்த விதத்தில் யாரும் என்னைப் பார்த்ததில்லை.

அம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாப்பா, வெள்ளில வாங்கினு வந்துகீற?"

"வெள்ளி இல்ல ஆன்ட்டி. ஒயிட் கோல்டு."

"ஒயிட்டுன்ற, கோல்டுன்ற. எதுனா ஒண்ணு சொல்லு."

"தங்கம்தான் ஆன்ட்டி. கலர் மட்டும் வெள்ளை."

"தங்கத்துல கலர்தானப்பா விசேஷம்? அதையும் எடுத்துட்டா அப்பறம் இன்னா கீது?"

அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அம்மா விடவில்லை. ஜன்னலோரம் போய்க் கல்லை வெளிச்சத்தில் பிடித்தாள். "உள்ள விரிசல் கீதே" என்றாள். இயற்கையான மரகதம் என்றால் உள்ளே அப்படித்தான் கோடு ஓடியிருக்கும், ஓடவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று கடையில் சொன்னதாக ஐசக் சொன்னார்.

"நல்ல யாவாரம்" என்றாள் அம்மா. பிறகுதான் அவளுக்குச் சுற்றியிருந்த பொடிக் கற்கள் கண்ணில் பட்டன. "இதெல்லாம் இன்னாது, வைரமா?"

வைரம்தான் என்றார் ஐசக். அம்மா மோதிரத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைத் தள்ளி வைத்தாள்.

உங்கள் வீட்டிலும் இந்த வழக்கம் இருக்கலாம், மேடம். வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. வாங்கியவுடன் போட்டுக்கொள்ளக் கூடாது. கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். நல்லது நடந்தால் வைத்துக்கொள்ளலாம், கெட்டது நடந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதற்காகவே பல கடைக்காரர்கள் அவகாசம் தருகிறார்கள். எங்கள் பெரியம்மா அஞ்சம்மாள் வைத்துப் பார்க்காமல் வைர மூக்குத்தி போட்டுக்கொண்டாள், அந்த மாதமே பெரியப்பாவின் லாரி கவிழ்ந்தது. லாரி ஓட்டியவர் குடித்திருந்தார் என்ற உண்மை எங்கள் குடும்ப வரலாற்றில் இடம்பெறவில்லை.

"மதம் மாத்திக் கட்டு, நான் வாயத் தொறக்கல" என்றாள் அம்மா. "வைரம் மட்டும் வச்சுப் பாக்காம வெரல்ல ஏறக் கூடாது. எதுனா ஒண்ணு கெட்டதா நடந்துச்சு, நிச்சயமும் வாணாம் ஒண்ணும் வாணாம். சொல்ட்டேன்."

"மோதிரம் வேணாம்னா வேற மோதிரம் வாங்கிக்கறோம்மா. அதுக்கு எதுக்கு நிச்சயத்தையே நிறுத்தணும்?" என்றாள் அக்கா.

"கல்லு யார் கையால வந்துச்சோ அவங்க ராசிதான்டி அதுல கீது."

அக்கா ஐசக்கைப் பார்த்தாள். ஐசக் சிரித்துக்கொண்டே சரி என்றார். அவருக்கு அது விளையாட்டாக இருந்திருக்கும். அம்மா மோதிரத்தை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து பூஜை அலமாரியில், விளக்குக்குப் பின்னால் வைத்தாள்.

எனக்குக் கல், ராசி, ஜாதகம் எதிலும் நம்பிக்கை கிடையாது. நான் அறிவியல் மாணவன். மரகதம் என்பது அலுமினியமும் பெரிலியமும் சேர்ந்த ஒரு சிலிகேட், அதில் கொஞ்சம் குரோமியம் கலந்ததால் பச்சை. வைரம் வெறும் கரி. இவை இரண்டும் ஒரு குடும்பத்தை எதுவும் செய்ய முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே யாராவது செய்ய வேண்டியிருந்தது.

அவசரப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். முதலில் பொறுத்துத்தான் பார்த்தேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் தும்மல்கூட விசாரணைக்கு உள்ளானது. அம்மா காலையில் பாலைக் காய்ச்சும்போதே அது பொங்கும் திசையைக் கவனித்தாள். ஆனால் நடந்ததெல்லாம் நல்லதாகவே நடந்தது. ஏதோ பெயர்ப் பிழையால் தாலுகா அலுவலகத்தில் வருடக்கணக்காகத் தூங்கிய எங்கள் பட்டா திடீரென்று கைக்கு வந்தது. சித்தி மகளுக்குச் சுகப்பிரசவம். அப்பாவின் ரத்தத்தில் சர்க்கரைகூட இறங்கியிருந்தது. "கல்லு ராசிக் கல்லு போலக்கீதே" என்று அம்மா ஐசக்குக்குப் போன் போட்டே சொன்னாள். சாட்சிகள் ஒரு பக்கமாகவே சாய்ந்துகொண்டிருந்தன. எந்த விசாரணையிலும் அது நியாயமில்லை.

முதலில் மீன்கள். ஹாலில் ஒரு தொட்டியில் அப்பா தங்கமீன் வளர்த்தார். கழிவறை கழுவும் திரவம் ஒரு மூடி போதுமானதாக இருந்தது. காலையில் எல்லாம் மேலே மிதந்தன. வயிறு வெளுத்த தங்கமீனைப் பார்த்தால் அதுவும் வெள்ளைத் தங்கம்போலத்தான் இருக்கிறது. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"மீனு சாவாம, பாட்டா பாடும்?" என்றார் அப்பா. "மாசம் ஒண்ணு சாவறதுதான். இந்த வாட்டி கூட்டணி வச்சினு செத்துகீது. போய்த் தொட்டியக் கழுவு." அன்று மாலையே ஒரு பாலிதீன் பையில் புது மீன்கள் வந்துவிட்டன.

அப்பாவிடம் இதுதான் சிக்கல். எதையும் சாதாரணமாக்கிவிடுவார். சிறு வயதில் நான் கணக்கில் பெயிலானபோதும் இப்படித்தான் செய்தார், அப்போது எனக்கு அது பிடித்திருந்தது.

அடுத்தது படிகள். அம்மா காலையில் பின்பக்கப் படி வழியாக இறங்கித் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். முன்னதாக எழுந்து அந்தப் படிகளை நான் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டேன், அலசாமல். நான் வீட்டுவேலை செய்ததே அந்த ஒரு நாள்தான் என்பதால் யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அம்மாவின் இடது மணிக்கட்டு உடைந்தது. இடுப்பு உடைந்திருந்தால் அக்காவுக்கு வேலை அதிகமாகியிருக்கும் என்பதால், அந்த அளவில் எனக்கும் நிம்மதிதான்.

கட்டுப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கிய அம்மாவின் முகத்தில் வலி இருந்தது. அதைவிட அதிகமாக வேறொன்று இருந்தது. தேர்வில் தான் சொன்ன கேள்வியே வந்துவிட்ட மாணவனின் முகம்.

"சொன்னனா இல்லியா?" என்றாள் வாசலிலேயே. "கல்லுக்குள்ள விரிசல், என் கையில விரிசல். இன்னும் இன்னாடி வோணும் உனக்கு?"

"அம்மா, படி வழுக்கிச்சு, விழுந்துட்ட. அவ்ளோதான்" என்றாள் அக்கா. "உனக்கு ஒத்துக்கலைன்னா நீ போட்டுக்காத. போட்டுக்கப் போறது நான்."

"நீ போட்டுக்கினு போய்டுவ. அனுபவிக்கறது யாரு?"

இந்த இடத்தில் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அக்காவின் கண் கலங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் சரி என்று சொல்லியிருப்பாள். நான் அவளுக்காகத் தண்ணீர்கூட எடுத்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் அப்பா டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேசினார். அவர் பேசாமல் இருந்திருந்தால் நான் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

"தா, அங்காளம். மீனு செத்துச்சு, கை ஒடிஞ்சிச்சு. சரி. அதுக்கோசரம் பொண்ணு வாழ்க்கைய நிறுத்துவியா? உயிரா பூட்ச்சி? நிச்சயம் சொன்ன தேதில நடக்கும். நான் நடத்துவேன். பேஜார் பண்ணாத, போய்ப் படு."

அக்கா அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலை சாய்த்துக்கொண்டாள். அவர் அவள் தலையைத் தடவினார். நான் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு என் அறைக்குப் போனேன்.

அளவு எது என்று சொன்னது அப்பாதான், மேடம். மீன் போதாது, கை போதாது என்று அவரே சொல்லிவிட்டார்.

மாத்திரை விஷயம் உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி அறிக்கை உங்களிடம் இருக்கிறது. அப்பா சாப்பிடும் சர்க்கரை மாத்திரையும் சத்து மாத்திரையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று. அக்கா நிரப்பி வைத்த டப்பாவில் சத்து மாத்திரைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நான் எதைப் போட்டிருப்பேன் என்பதை உங்களால் ஊகிக்க முடியும். ஒரு மயக்கம் வரும், ஆஸ்பத்திரிக்குப் போவோம், எல்லாரும் பயப்படுவார்கள், இரண்டு நாளில் திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். இந்தப் பக்கத்தை எழுதும்வரை நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அம்மா கட்டு மாற்ற ஆட்டோவில் போயிருந்தாள். சாப்பாடு மேசைமேல் மூடி இருந்தது, வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. அப்பா மதிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு தட்டை எடுத்தார். "இருப்பா, அம்மா வந்துடும், எல்லாரும் ஒண்ணா சாப்பிடலாம்" என்றேன். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. "இன்னாடா, திடீர்னு பாசம் பொத்துகினு வருது?" என்று கேட்டுத் தட்டை வைத்துவிட்டார். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பது அவருக்கும் தெரியும்.

டி.வி.யில் பழைய கிரிக்கெட் மேட்ச் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவருக்கு வியர்க்க ஆரம்பித்தது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"சூர்யா, கை நடுங்குதுடா. சக்கர எட்தாந்து வாய்ல போடு."

"சர்க்கரை எங்கப்பா இருக்கு?"

"கிச்சன்லதான். சக்கரைக்கு இன்னா தனி பில்டிங்கா கட்டி வச்சுகீறோம்?"

அந்த நிலையிலும் அவர் பேச்சு அப்படித்தான் இருந்தது. நான் சமையலறைக்குப் போனேன். சர்க்கரை டப்பா அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது, சிவப்பு மூடி. ஒரு ஸ்பூன் போதும். இதையும் நான் படித்திருக்கிறேன். நான் ஃபில்டரில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தேன். பாதியில் நிறுத்தினால் இதுவும் இன்னொரு மீன் தொட்டி ஆகிவிடும் என்று தோன்றியது. நாளைக்கே அப்பா எழுந்து உட்கார்ந்து, "சக்கர எறங்கிச்சு, அதுக்கோசரம் நிச்சயத்த நிறுத்துவியா?" என்பார். அவர் சொல்வார். எனக்கு அவரை நன்றாகத் தெரியும்.

அவர் உள்ளேயிருந்து மறுபடியும் கூப்பிட்டார். குரல் குழறியிருந்தது. நான் போய், தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் அவர் தோளைப் பிடித்து மெதுவாகச் சோபாவில் உட்கார வைத்தேன். விழுந்து அடிபட்டுவிடக் கூடாது என்பதால். பிறகு அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆகவே எழுதவில்லை.

ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். முகவரியைத் தெளிவாகச் சொன்னேன், தெருமுனை வரை போய் நின்று வண்டிக்குக் கைகாட்டினேன். தாமதத்தைத் தவிர அதில் என்னிடம் ஒரு குறையும் இல்லை.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தெருவில் ஷாமியானா போட்டாகிவிட்டது. ஐசக்கும் பியூலா டீச்சரும் வந்தார்கள். அம்மா ஒற்றைக் கையோடு பூஜை அலமாரிக்கு ஓடி, மஞ்சள் முடிச்சை எடுத்துக்கொண்டுவந்து அத்தனை பேர் முன்னாலும் ஐசக்கின் மார்பில் எறிந்தாள்.

"எடுத்துகினு பூடு. என் வூட்டுக்காரர முழுங்கிடுச்சு உன் கல்லு. பூடு இங்கேருந்து."

ஐசக் குனிந்து முடிச்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட ஆரம்பித்தார். சுடுகாடுவரை வந்தார். நான் கொள்ளி வைத்தபோது என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டவர் அவர்தான்.

காரியம் முடிந்து அக்கா அவரை வாசலில் வைத்துப் பேசி அனுப்பினாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தேன்.

"டாக்டர் சுகர் மாத்திரை ஓவர்டோஸ்னு சொல்றார் ஐசக். டப்பா நான் நிரப்பினது. நான்தான் மாத்திப் போட்டிருக்கேன். கல்யாண ஞாபகத்துல போட்டிருக்கேன். இனிமே என்னால அதைப் பத்தி யோசிக்க முடியாது. நீங்க போயிடுங்க."

"நீ அப்படித் தப்பு பண்றவ இல்ல, தமிழ்" என்றார் அவர். "நான் காத்திருக்கேன்." ஆனால் போய்விட்டார்.

நினைத்தது நடந்தது. அக்கா எங்கும் போகப் போவதில்லை. கல்யாணம் என்ற சொல்லே வீட்டில் இல்லை. உங்களிடம் மறைப்பானேன், அன்று ராத்திரி எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

காலையில் யாரும் எழுப்பவில்லை. நானாகவே எழுந்தபோது வெயில் ஏறியிருந்தது. அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. அக்கா தன் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்த மாத்திரை டப்பா. அறைகளைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அடுத்த நாளும் அப்படியே. துக்கம் என்றால் கொஞ்ச நாள் இருக்கும், சரி. நான் கடையில் பொட்டலம் வாங்கி வந்தேன். அவள் தொடவில்லை. "அக்கா, அம்மாவுக்குத் தைலம் தேய்க்கணும்" என்று நினைவுபடுத்தினேன். அவள் என்னைப் பார்த்து, "எந்தப் பாட்டில்னு நீயே பாத்து எடுடா. நான் எடுத்தா தப்பா எடுத்துடுவேன்" என்றாள்.

என் சட்டை எதுவும் இஸ்திரி ஆகவில்லை.

அந்த நேரத்தில்தான் நீங்கள் அவளை விசாரணைக்கு அழைத்தீர்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவளுக்குச் சர்க்கரை அளவு தெரியாதா என்று கேட்டீர்கள். கல்யாணத்துக்குத் தடையாக இருந்தது யார் என்று கேட்டீர்கள். அவள் எல்லாவற்றுக்கும் "நான்தான் நிரப்பினேன்" என்றே சொல்லியிருக்கிறாள். இன்று காலை மறுபடியும் வரச் சொல்லி ஆள் அனுப்பினீர்கள். இந்த முறை மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு போவது நல்லது என்று வந்த கான்ஸ்டபிள் என் அம்மாவின் காதில் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீங்கள் அவளை உள்ளே வைத்துவிட்டால் நான் செய்ததற்கே அர்த்தமில்லை. அஸ்தினாபுரமாவது பைக்கில் போகிற தூரம். ஆகவே அவள் பின்னாலேயே வந்து உங்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைச் சிலர் நல்ல தம்பி என்று சொல்லலாம், அதை நான் எதிர்பார்க்கவில்லை.

நான் சொன்னதை நீங்கள் வெளியே போய் அக்காவிடம் சொல்லிவிட்டீர்கள். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். உங்கள் கடமை, நான் குறை சொல்லவில்லை. அவள் இந்த அறையின் கதவுவரை வந்தாள். அழுதுகொண்டு வருவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்பா சர்க்கரை கேட்டாராடா?"

"கேட்டார்க்கா."

"நீ எங்கடா இருந்த?"

"அங்கதான்க்கா இருந்தேன்."

கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். "நீ வீட்டுக்குப் போக்கா, அம்மா தனியா இருக்கும்" என்றேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

எனக்கு எதிரே இருக்கும் ஜன்னல் வழியாக நீங்கள் பறிமுதல் செய்து நிறுத்தியிருக்கும் வண்டிகள் தெரிகின்றன. அவற்றுக்கு நடுவே ஐசக் நிற்கிறார். யார் சொல்லி வந்தாரோ தெரியவில்லை. அக்கா அவர் எதிரே போய் நின்று கையை நீட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து அந்த மஞ்சள் முடிச்சை எடுத்துக் கொடுத்தார். இத்தனை நாளும் அதை அங்கேயே வைத்திருந்திருக்கிறார். அக்கா பல்லால் முடிச்சை அவிழ்த்து, மோதிரத்தைத் தானே எடுத்துத் தானே போட்டுக்கொண்டாள். துணியைத் துருப்பிடித்த ஸ்கூட்டர் ஒன்றின் சீட்டில் போட்டாள். பிறகு அவர் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். வெயிலில் அந்தப் பச்சை இங்கிருந்தே தெரிந்தது. வண்டி முடிச்சூர்ப் பக்கம் திரும்பவில்லை.

மேலே எழுதியவை எல்லாம் நான் செய்தவை. மீன்கள், படிகள், அப்பா. யாரும் மிரட்டவில்லை, சுயநினைவோடு எழுதுகிறேன். எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், மேடம். வண்டி இன்னும் சிக்னலைத் தாண்டியிருக்காது. யாரையாவது அனுப்பி அந்த மோதிரத்தைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். அது எங்கள் குடும்பத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் கூடவே இருந்து பார்த்தவன்.